விளையாட்டுச் செய்தியும் குட்வில் கணக்கும்

பி.காம் படிக்கிறவனிடம் கிரிக்கெட் பற்றிக் கேட்டால் பேலன்ஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டுதான் வருவான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டாதீர்கள்.

இணையத்தில் விளையாட்டுச் செய்தி படிக்கிற எல்லோருக்கும் ஒரு புகார் உண்டு. 'இந்திய அணியில் திடீர் மாற்றம்! ரசிகர்கள் அதிர்ச்சி!' என்று தலைப்பு இருக்கும். உள்ளே போனால் யாரோ ஒரு முன்னாள் வீரர் எக்ஸ் தளத்தில் போட்ட இரண்டு வரி, அதைச் சுற்றி ஆறு பத்தி, பத்திக்கு ஒரு விளம்பரம். என்ன மாற்றம் என்று கடைசி வரை தெரியாது. "எழுதறவனுக்கு சரக்கு இல்லடா" என்பது ஹாஸ்டல் தீர்ப்பு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு நிருபர் ரஞ்சி ஆட்டத்துக்குப் போய் 4 நாள் உட்கார்ந்து எழுதினால் ரயில், ரூம் வாடகை, சாப்பாடு, சம்பளம் என்று செலவு. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் அதே 4 நாளில் நாற்பது, ஐம்பது 'அதிர்ச்சி'களைத் தட்டிவிடுவார். விளம்பரக்காரர் இரண்டு பேருக்கும் பார்வைக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்தான் கொடுக்கிறார். காஸ்ட் அக்கவுண்டிங்கில் பார்டரில் பாஸானவன்கூட எந்த டிபார்ட்மென்டை மூடுவான் என்று சொல்லத் தேவையில்லை.

இது இன்று வந்த வியாதியும் இல்லை. கிரிக்இன்ஃபோ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர் ஆரம்பித்தது. ஊரை விட்டுப் படிக்கப் போய், ஸ்கோர் தெரியாமல் தவித்த பையன்கள் ஐ.ஆர்.சி. அரட்டையில் பந்துக்குப் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. நம்ம ஊர் பத்ரி சேஷாத்ரி (பிற்பாடு கிழக்கு பதிப்பகம் ஆரம்பித்தவரேதான்) அதன் நிறுவனர்களில் ஒருவர். டாட்காம் பித்து தலைக்கேறியிருந்த 2000-ல் சத்யம் இன்ஃபோவே அதில் 25 சதவீதப் பங்கை 3.75 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அப்படியென்றால் மொத்தக் கடையின் மதிப்பு 15 கோடி டாலர்! 2001-ல் இங்கிலாந்தின் கவுன்ட்டி சாம்பியன்ஷிப்புக்கே அவர்கள்தான் ஸ்பான்சர். குமிழி உடைந்தது. 2003-ல் விஸ்டன் கைக்குப் போனது, 2007-ல் ஈ.எஸ்.பி.என். வாங்கியது. கவனியுங்கள், இத்தனை கைமாறியும் படிக்கிறவர்கள் ஓடிப்போகவில்லை. படிக்கிறவன் கொடுக்கும் அன்பை எந்த லெட்ஜரில் எழுதுவது என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

அது கைமாறியும் பிழைத்த கதை. இன்னொன்று, படிக்கும்போது வயிற்றைக் கலக்கியது. அமெரிக்காவின் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை.

அக்கவுண்டன்சியில் குட்வில் என்று ஒரு சமாச்சாரம் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஒரு கடை வருஷக்கணக்கில் சம்பாதித்த நல்ல பெயருக்கு ஒரு தொகை போட்டு விற்கலாம். 1954-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் குட்வில் முழுக்க அதில் எழுதியவர்களும் படம் எடுத்தவர்களும் சேர்த்து வைத்தது. 2019-ல் ஆதென்டிக் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் அதை 11 கோடி டாலருக்கு வாங்கியது. இவர்களுடைய தொழில் பெயர்களை வாங்கி வாடகைக்கு விடுவது. பத்திரிகை நடத்தும் உரிமையை வருஷத்துக்கு 1.5 கோடி டாலர் என்று வேறொரு நிறுவனத்துக்கு விட்டார்கள். வாடகைக்கு வந்தவர்கள் முதலில் செய்த வேலை ஆட்களைக் குறைத்தது. 2023 நவம்பரில் ஃபியூச்சரிசம் என்ற தளம் ஒரு குட்டை உடைத்தது. பத்திரிகையின் இணையதளத்தில் வந்த பொருள் விமர்சனங்களை எழுதியதாகப் போட்டிருந்த ஆட்கள் உலகத்திலேயே இல்லை. அவர்களுடைய புகைப்படங்கள் செயற்கை நுண்ணறிவு தயாரித்து விற்பனைக்கு வைத்த முகங்கள். கட்டுரைகளை எழுதியது மனிதர்கள்தான், பெயர் மட்டும் புனைபெயர் என்று சமாளித்தார்கள். 2024 ஜனவரியில் 37.5 லட்சம் டாலர் தவணை கட்டவில்லை என்று உரிமம் ரத்து. ஊழியர்களுக்கு வேலைநீக்கக் கடிதம். மார்ச்சில் பெயர் இன்னொரு குடித்தனக்காரருக்குப் போய்விட்டது. எங்கள் பாடப்புத்தகத்தில் குட்வில்லைப் பிரித்து விற்கும் கணக்கு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். சம்பாதித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க அதில் காலம் கிடையாது.

சரி, நம்ம பக்கம் வருவோம். 2022 நவம்பர் 21. விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 506 ரன். லிஸ்ட் ஏ ஆட்டத்தில் 500-ஐத் தாண்டிய முதல் அணி நாம்தான். ஜெகதீசன் 141 பந்தில் 277. சாய் சுதர்சனோடு முதல் விக்கெட்டுக்கு 416. எதிரணி 71-க்கு காலி, வெற்றி 435 ரன் வித்தியாசத்தில். அன்று சாயங்காலம் கண்ணில் பட்டதையெல்லாம் திறந்து படித்தேன். எல்லாவற்றிலும் இதே எண்கள், இதே வரிசையில். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. அருணாசலத்தின் ஒரு பந்துவீச்சாளர் 10 ஓவரில் 114 ரன் கொடுத்தார். அவர் அன்றைக்கு ராத்திரி எப்படித் தூங்கினார்? 2018-ல்தான் ரஞ்சிக்குள் வந்த ஒரு மாநிலத்தை நம்மோடு ஒரே பிரிவில் போட்டது யாருக்கு நல்லது? ஸ்டேடியத்தில் ஒரு நிருபர் இருந்து, ஆட்டம் முடிந்ததும் எதிரணி ட்ரெஸ்ஸிங் ரூம் பக்கம் நடந்திருந்தால் கிடைத்திருக்கும். ஸ்கோர்கார்டைப் பார்த்து எழுதினால் கிடைக்காது.

விளையாட்டில் பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. எழுத்துப் பக்கம் சொட்டியது ஃபேன்டஸி ஆப் விளம்பரம்தான். அதற்காகவே 'உத்தேச அணி, யாரைக் கேப்டனாகப் போடலாம்' என்று தினம் ஒரு மொக்கை. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் தடை போட்டது. இந்திய அணி ஜெர்சியிலிருந்தே ட்ரீம்11 போய்விட்டது என்றால், அந்தக் குழாயை நம்பி மட்டும் குடத்தை வைத்தவர்கள் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

வாசகரே காசு கொடுப்பது ஒரு வழி. 2016-ல் ஆரம்பித்த 'தி அத்லெடிக்' சந்தாவை நம்பியே வளர்ந்தது. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் அதை 55 கோடி டாலருக்கு வாங்கி, அடுத்த வருஷமே தன்னுடைய சொந்த விளையாட்டுப் பிரிவைக் கலைத்துவிட்டது. அது பெரிய இடத்து விஷயம். எனக்குப் பிடித்தது 'டிஃபெக்டர்'. 'டெட்ஸ்பின்' தளத்தில் விளையாட்டைத் தவிர வேறெதையும் எழுதாதே என்று நிர்வாகம் சொன்னதும் 2019-ல் கூட்டமாக ராஜினாமா செய்தவர்கள், 2020-ல் தாங்களே முதலாளிகளாக ஆரம்பித்தது. சந்தாதான் முக்கிய வருமானம். பெயரும் அவர்களுடையது, எழுத்தும் அவர்களுடையது. குட்வில் வீட்டை விட்டு வெளியே போக முடியாது.

தமிழில் இது நடக்குமா? ஒரு கணக்குப் போட்டேன். தமிழ்நாட்டின் ரஞ்சி ஆட்டங்கள், சென்னை லீக், ஜூனியர் அணிகள் இவற்றுக்கு மட்டும் நேரில் போய் எழுதும் இரண்டு பேர். மாதம் 50 ரூபாய் சந்தா. 2,000 பேர் சேர்ந்தால் மாதம் ஒரு லட்சம். இரண்டு எளிய சம்பளம், ரயில் டிக்கெட், சர்வர் செலவு போக இழுத்துப் பிடித்தால் ஓடும். எங்கள் ஹாஸ்டலில் 14 பேரிடம் கேட்டேன், எல்லோரும் தினம் கிரிக்கெட் பேசுகிறவர்கள். 3 பேர் சரி என்றார்கள். அதில் ஒருத்தன் பாஸ்வேர்டை ஷேர் பண்ணலாமா என்று கேட்டான்.