முதல் 28 நாட்கள்



சோழவரம் பகுதியிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி வேனில் சென்று வரும் இளம்பெண்களைக் காலை வேளைகளில் சாலையோரம் பார்த்திருப்பீர்கள். விடியலில் வெறும் தேநீர். பகலில் டப்பாவில் தயிர்ச்சோறு. அவர்களுள் புதுமணப் பெண்களும் உண்டு. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், "மூன்று மாதம் கழியட்டும், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே" என்பார் மாமியார். கண்ணேறு பட்டுவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் கழிவதற்குள் கருப்பையில் ஒரு பெரிய காரியம் முடிந்துவிடுகிறது.

தந்தையின் 23 குரோமோசோம்களும் தாயின் 23 குரோமோசோம்களும் ஒன்று சேர்ந்து ஒரே ஓர் உயிரணுவாகின்றன. அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே சென்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பையின் சுவரில் பதிகிறது. மூன்றாம் வாரத்தில் கருவின் முதுகுப்புறம் தட்டையான ஒரு தகடு தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் எழும்பி, பாயைச் சுருட்டுவதுபோல் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகின்றன. அதுவே பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும். கரு உண்டான 28ஆம் நாளுக்குள் குழாய் முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும். கீழ்முனை மூடாவிட்டால் குழந்தை முதுகில் பிளவுடன் பிறக்கும், கால்கள் செயலிழக்கலாம். மேல்முனை மூடாவிட்டால் குழந்தை பிழைப்பதே இல்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். நாள் தள்ளிப்போவதே கரு உண்டாகி இரண்டு வாரம் ஆன பிறகுதான். மேலும் ஒரு வாரம் பொறுத்திருந்து பரிசோதித்தால், மிஞ்சுவது ஒரே வாரம்!

உயிரணுக்கள் இவ்வளவு விரைவாகப் பிரிவதற்குத் தேவையான சத்துகளுள் ஒன்று ஃபோலிக் அமிலம். இதன் வரலாற்றில் நம் பெண்களுக்கும் பங்குண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைப் பெண் தொழிலாளர்களைக் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகை வாட்டிக்கொண்டிருந்தது. கிருமியால் வரும் நோயோ என்று முதலில் ஆராய்ந்தார், இல்லை. பிறகு யார் என்ன உண்கிறார்கள் என்று பார்த்தார். உணவு மிகக் குறைவாகவும் சோகை மிக அதிகமாகவும் இருந்தது ஏழை முஸ்லிம் பெண்களிடம்தான். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆய்வைத் தொடர்ந்தார். சோகை பிடித்த குரங்குக்கு ஈஸ்டுச் சாறான மார்மைட்டைக் கொடுக்க, அது தேறியது; பெண்களும் தேறினர். 1931இல் அவர் பணிபுரிந்த இடம் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரி. ஆம், நம் பாட்டிமார் பிள்ளை பெற்ற அதே ஆஸ்பத்திரிதான். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அந்தச் சாற்றில் இருந்த சத்தே ஃபோலிக் அமிலம் என்பது பின்னாளில் தெரிந்தது.

முதுகுப் பிளவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு உறுதியாக நிறுவப்பட்டது 1991இல். முன்பு இவ்விதக் குழந்தை பெற்றிருந்த தாய்மார் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டபோது, மீண்டும் அவ்வாறு நிகழ்வது 72 சதவீதம் குறைந்தது. எல்லாக் குறைபாடும் இதனால் நீங்கிவிடாது. மரபணுக் காரணங்களும் உண்டு. ஆகவே அத்தகைய குழந்தை பிறந்த வீட்டில் தாயைக் குற்றவாளியாக்குவது பெரும் அநியாயம்.

அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் உண்டு. ஆனால் அது நான்காம் மாதம் முதல், இரத்தசோகைக்காகத் தரப்படுவது. முதுகுத்தண்டுக்கு வேண்டியது அதற்கு முன்பே: குழந்தைக்கு ஆசைப்படும் நாளிலிருந்து முதல் மூன்று மாதம் வரை, தினமும் 400 மைக்ரோகிராம். முன்பு குறையுள்ள குழந்தை பெற்றவர்களுக்கும் வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கும் அளவு வேறுபடும். அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றிலும் இச்சத்து உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் சத்தும் வடிந்துவிடும். (நம் வீட்டு விருந்துகளில் கீரைக்கு இடமே இல்லை என்பது தனிக்கதை!) உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

"நிக்காஹ் முடிந்த மறுவாரமே மருமகளுக்கு மாத்திரையா? என்ன நோய்?" என்று மாமியார் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் மணமகன். மாத்திரையை அவரே வாங்கி வந்து, எதற்கென்று தம் தாயாரிடம் முதல்நாளே சொல்லிவிடட்டும்.