கருவும் உயிர், தாயும் உயிர்

எங்கள் செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் முதலில் மலையை அண்ணாந்து நோக்குவர். அடுத்து மதிலை வியப்பர். இராசகிரியின் அடிவாரத்தில் உள்ள நெற்களஞ்சியத்தின் முன் நெடுநேரம் நிற்போர் மிகச் சிலரே. 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைக் கண்ட கோட்டை இது. மதில் மட்டும் இருந்து, களஞ்சியமும் சுனையும் இல்லாதிருப்பின் எந்தக் கோட்டையும் முற்றுகையைத் தாங்காது. காவல் என்பது பகையைத் தடுத்தல் மட்டுமன்று. உள்ளிருப்போர்க்கு உணவளித்தலும் ஆகும். கருவிலுள்ள உயிரைக் காப்பது பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் இவ்வுண்மையே என் நெஞ்சில் முன்நிற்கிறது.

இத்தகைய பொருளைப் பற்றி மாணவன் எழுதலாமா எனப் பெரியோர் சிலர் வினவலாம். நாளைய தந்தையரும் தாயரும் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். இவர்கள் இன்று எண்ணாததை நாளை நெருக்கடியில் எண்ணிப் பார்க்க இயலாது. நான் பழமை பேணுபவன் எனத் தோழர்கள் கூறுவதுண்டு. அதனை நான் மறுப்பதில்லை. பழமையின் ஒரு பாதியை மட்டும் பேணக்கூடாது என்பதே என் கட்சி.

மார்க்கமும் தமிழும்

வறுமைக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கொல்லலாகாது எனத் திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் விலக்குகிறது. விலக்கும்போதே, அவர்களுக்கும் உங்களுக்கும் உணவளிப்பவன் இறைவனே என்ற உறுதியையும் சேர்த்துத் தருகிறது. எண்பத்தொன்றாம் அத்தியாயமோ, உயிரோடு புதைக்கப்பட்ட பெண்மகவு எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டது என்று மறுமையில் வினவப்படும் காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், கருத்தரிக்காமல் தடுப்பதையும் தரித்த கருவைச் சிதைப்பதையும் வேறுவேறாகப் பிரித்துக் காட்டுகிறார். பின்னது ஏற்கெனவே தோன்றிவிட்ட ஒன்றிற்கு இழைக்கும் தீங்கு என்றும், கரு வளர வளர அக்குற்றமும் வளரும் என்றும் அவர் கூறுகிறார். 120ஆம் நாளில் உயிர் ஊதப்படுகிறது என்னும் நபிமொழியின் அடிப்படையில், அதற்கு முந்தைய நாள்களைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குப் பின் கலைப்பது கூடாது என்பதில் வேறுபாடில்லை. தாயின் உயிருக்கே ஊறு நேருமெனின் தாயைக் காப்பதே கடமை என்று அறிஞர் பலர் தீர்ப்பளித்துள்ளனர்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய கருத்து எனக் கொள்ள வேண்டா. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், பெண்களின் கருவைச் சிதைத்தலைக் கொடும் பாவங்களின் வரிசையில் வைக்கிறார். 74ஆம் பாட்டில் சேரமான் கணைக்கால் இரும்பொறை, இறந்து பிறந்த குழவியையும் உருப்பெறாத தசைப்பிண்டத்தையும்கூட ஆள் அல்லவென்று தள்ளாத மறக்குடி மரபை நினைவுகூர்கிறார். வாளால் வடுப்படுத்தும் அவ்வழக்கம் நமக்கு உரியதன்று. ஆயினும் பிண்டத்தையும் தம்மில் ஒருவராக எண்ணிய அந்த உள்ளம் கருதத்தக்கது.

ஆலத்தூர் கிழார் அப்பாட்டில் இன்னொன்றும் சொல்கிறார். கருச்சிதைத்தோர்க்கும் கழுவாய் உண்டு. செய்ந்நன்றி கொன்றோர்க்கே உய்தியில்லை. நம்மை ஈன்ற தாய்க்குலத்திற்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடனை மறந்து, அவள் தவற்றை மட்டும் எண்ணிக் கொண்டிருப்போமாயின், இரு குற்றங்களுள் பெரியது எவருடையது?

சட்டம் நடந்த வழி

கைதேராதோரிடம் கருக்கலைத்து உயிரிழந்த பெண்களின் துயரத்தை எண்ணியே 1964இல் சாந்திலால் ஷா குழு அமைக்கப்பட்டது. 1966இல் அக்குழு அறிக்கை தந்தது. 1971இல் இயற்றப்பட்ட மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 20 வாரம் என்றிருந்த எல்லை, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குறிப்பிட்ட சில பிரிவினர்க்கு 24 வாரமாக உயர்ந்தது. 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமை மணமாகாத பெண்களுக்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது.

இச்சட்டத்தை அடியோடு நீக்குக என நான் கூறவில்லை. வன்கொடுமைக்கு ஆளானவளையும், பேற்றினால் உயிரிழக்க நேரும் தாயையும் நோக்கிச் சட்டம் கதவைச் சாத்துமாயின் அவர்கள் மீண்டும் இருட்டறைகளையே நாடுவர். ஆனால் சட்டம் தண்டியாது விடுவதெல்லாம் அறமாகிவிடாது. நலமான தாயின் வயிற்றில் நலமாக வளரும் கரு, வசதிக் குறைவு ஒன்றினாலேயே அகற்றப்படுவதை உரிமையின் வெற்றி என்று கொண்டாட என் மனம் இடந்தரவில்லை.

2023 அக்டோபர் 16இல் உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. இரு குழந்தைகளின் தாயான ஒருவர் 26 வாரம் கடந்த கருவைக் கலைக்க இசைவு கேட்டார். தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவிலும் குறையில்லை என்பதால் நீதிமன்றம் இசையவில்லை. அதே வேளையில், மகப்பேற்றின் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் என்றும், பிறக்கும் குழந்தையைத் தத்துக் கொடுப்பது பெற்றோரின் விருப்பம் என்றும் தெளிவாக்கியது. மறுத்த நாவே பொறுப்பையும் சொன்னது. இதுவே முறை என்பேன்.

மூன்றாம் குழந்தையின் கதவு

பொறுப்பை மறந்து மறுப்பை மட்டும் சொல்லும் இடங்கள் நம் நாட்டில் பல. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரால் தமிழகத்தில் நடைபெற்றுவரும் மகப்பேறு நிதியுதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஏழைத் தாயரின் ஊட்டத்திற்கு அது அரிய துணை. எனினும் அது முதல் இரு பேறுகளுக்கே என வகுக்கப்பட்டது. மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று; ஆனால் இரு குழந்தைகள் உள்ள பெண்ணுக்கு 12 வாரமே. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அவ்வரம்பையே பின்பற்றியது. மூன்றாம் குழந்தைக்குப் பசி குறைவா? மூன்றாம் பேற்றில் தாயின் உடல் விரைவில் தேறிவிடுமா?

மக்கள்தொகைப் பெருக்கத்திற்கு அஞ்சிய நாளில் இவ்விதிகளுக்குக் காரணம் இருந்திருக்கலாம். தமிழகத்தின் பிறப்பு வீதம் பதிலீட்டு அளவான 2.1க்குக் கீழே இறங்கி ஆண்டுகள் பல ஆயின. மறுமணத்தில் பிறந்த குழந்தைக்காக, முன்பே இரு குழந்தைகள் உண்டென்னும் காரணத்தால் விடுப்பு மறுக்கப்பட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2025 மே 23இல் அவர்க்குச் சாதகமாகத் தீர்ப்பு கிடைத்தது. அரசுப் பணியிலிருந்த அவரால் வழக்காட முடிந்தது. பீடி சுற்றும் பெண்ணும் களை பறிக்கும் பெண்ணும் எந்த நீதிமன்றத்திற்குச் செல்வர்? வலக்கை கருவைக் கலைக்காதே என்று தடுக்க, இடக்கை உதவியை நிறுத்திக்கொண்டால், அத்தாய் எவ்வழி நடப்பாள்?

இதனை நான் நூலில் மட்டும் படித்தேனில்லை. இரு பெண்மக்களின் தாயான என் சாச்சி மூன்றாம் முறை கருவுற்றபோது, எங்கள் வீட்டில் மகிழ்ச்சிக்கு முன் செலவுக் கணக்கே வந்தது. கலைத்துவிடுவதே நல்லது என்று அறிவுரை சொன்னவர்களுள் ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர்களும் இருந்தனர். என் நன்னி மட்டும், "படியளப்பவன் அல்லாஹ், நீ பெற்றெடு" என்றார். சொன்னதோடு நில்லாமல், தம் கைவளையல் இரண்டையும் கழற்றிச் சாச்சியின் மடியில் வைத்தார். அக்குழந்தை இன்று பள்ளி செல்கிறது. நன்னியின் சொல்லைப் பின்னாளில் பலர் புகழ்ந்தனர். வளையலைக் குறிப்பிட்டவர் ஒருவருமில்லை. வளையல் இல்லாது வெறுஞ்சொல் மட்டும் வந்திருப்பின், அக்குழந்தை இன்று இருந்திருக்குமா என்பதை நான் அறியேன்.

நாம் செய்ய வேண்டுவன

அரசை நோக்கி நான் வேண்டுவது பெரிதன்று. பேறுகால உதவியிலும் விடுப்பிலும் குழந்தைகளின் எண்ணிக்கை பார்க்கும் விதிகள் நீங்க வேண்டும். வட்ட மருத்துவமனைதோறும் இரவிலும் மகப்பேறு மருத்துவரும் குருதியும் கிடைக்க வேண்டும். செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல 40 கிலோமீட்டர் அளவு கடக்க வேண்டும். குருதி பெருகும் தாய்க்கு அது நெடுந்தொலைவு. 2008இல் தொடங்கிய 108 ஊர்தி வழித்துணையாகும்; வாயிற்படியில் மருத்துவர் இருப்பதற்கு அது ஈடாகாது. குறையுடன் பிறக்கும் குழந்தையை வளர்ப்போர்க்கு வாழ்நாள் துணையும் தேவை.

சமுதாயப் பெரியோர்க்கும் பணிவுடன் ஒரு விண்ணப்பம். நம் ஜமாஅத்துகள் திருமணத்தைப் பதிவு செய்கின்றன. மையித்தை அடக்கம் செய்கின்றன. இடைப்பட்ட மகப்பேற்றிற்கு நம்மிடம் ஏடும் இல்லை, நிதியும் இல்லை. பைத்துல்மாலில் ஒரு பகுதியை வறிய தாய்மார்க்கு ஒதுக்குவோம். ஜகாத் பெறத் தகுதியுடையோர் பட்டியலில் கருவுற்ற ஏழைப் பெண்ணின் பெயர் முதலில் நிற்கட்டும். தவறியவள் ஒருத்தி அழுது வந்தால், தீர்ப்புரைக்கும் முன் ஒரு குவளை பால் கொடுப்போம். மூன்றாவதும் பெண்ணா என்று முகம் சுளிக்கும் மாமியார்க்கும் கணவருக்கும் ஜும்ஆ மேடையிலிருந்தே அறிவுரை செல்லட்டும்.

கரு உயிர் என்று முழங்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அவ்வுரிமைக்கு ஒரு விலை உண்டு. அது நம் பணப்பையிலிருந்தும் வாக்குச்சீட்டிலிருந்தும் செலுத்தப்பட வேண்டிய விலை. அதனைச் செலுத்த முன்வராதவர் தாயை நோக்கிக் கை நீட்டிக் குற்றஞ்சாட்டாதிருப்பாராக. மதில் எழுப்பிய கையே களஞ்சியத்தையும் நிரப்ப, வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக!