கடனுக்காகக் கம்பியை அறுப்பதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது, மாத்தளை மாவட்டத்து மலைச்சரிவுகளில் குடியிருந்த மக்கள் தொலைபேசியின் பெறுமதியை நன்குணர்ந்தனர். மண்சரிவு எச்சரிக்கை வந்ததா, இரத்தோட்டைப் பாதை திறந்ததா, பட்டணத்துக்கு வேலைக்குப் போன பிள்ளை உயிரோடிருக்கிறானா என்ற வினாக்களுக்கெல்லாம் அச்சிறு கருவியே விடை தர வேண்டியிருந்தது. கம்பமும் கோபுரமும் சாய்ந்து தொடர்பற்றோரின் துயர் இயற்கை இழைத்தது. சில நூறு ரூபாய் நிலுவைக்காகத் தொடர்பு துண்டிக்கப்படுவோரின் துயரோ மனிதர் வகுத்த விதியால் விளைவது. இப்பின்னதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

பெற்ற சேவைக்குக் கட்டணம் செலுத்த வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. கடன் கடனே. ஆனால் எந்தக் கடனுக்காக எதை அறுப்பது? இன்று ஒரே பட்டியலில் பேச்சுக் கட்டணம், இணையக் கட்டணம், தொலைக்காட்சிக் கட்டணம் யாவும் கூடி வருகின்றன. போதாக்குறைக்கு, கேளாத பாட்டுக்கும் பாராத இராசிபலனுக்கும் பணம் கழிக்கப்படுகிறது என்ற முறைப்பாடு ஊர்தோறும் உண்டு. இவற்றுள் ஒன்றைப் பற்றி வழக்கிருப்பினும் அறுபடுவது முழுத் தொடர்புமே!

கலேவெலையில் வெங்காயம் விளைவிக்கும் கமக்காரன், லொறியில் மூட்டையேற்றுமுன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் அன்றைய விலை என்னவென்று கேட்டறிகிறான். தொலைபேசி இல்லையேல் தரகன் சொன்னதே விலை. வைத்தியரும் ஆசிரியரும் படும் இடையூறு இதனிற் குறைந்ததன்று. வங்கிக் கணக்கே தொலைபேசி இலக்கத்தோடு பிணைக்கப்பட்டுள்ள இக்காலத்தில், இலக்கத்தை இழந்தவன் தன் பணத்தின் வாசலிலேயே அந்நியனாக நிற்கிறான்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டிலேயே, உரிய முன்னறிவித்தல் வேண்டும், மோசடியோ தொடர்ந்த தவணைத் தவறலோ இல்லாதவிடத்து இயன்றவரை நிலுவையுள்ள சேவையை மட்டுமே நிறுத்தல் வேண்டும் என்று விதித்தது. முழுத் துண்டிப்புக்கு முன், கட்டணமற்ற அழைப்புகளை மட்டும் சிறிது காலம் அனுமதிக்கவும் அவ்விதி இடமளித்தது. கூடுதற் கட்டணத் தகவற் சேவைகளுக்கான பணம் செலுத்தாமைக்காக ஒருவரின் அடிப்படைத் தொலைபேசியை அறுக்கலாகாதென அமெரிக்கா 1992 இல் சட்டமியற்றியது. இதனால் அந்நாட்டுக் கம்பனிகள் ஓட்டாண்டியாகிவிட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

நம் நாட்டிலோ மின்சாரம் தந்த பாடம் கண்முன் உள்ளது. 2022 ஆகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமுமாகக் கட்டணம் ஏற்றப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன என்பது பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவொன்றில் வெளியான கணக்கு. அறுபட்டவன் நிலுவையோடு மீளிணைப்புக் கட்டணமும் இறுக்க வேண்டும். இல்லாதவனிடம் மேலும் பிடுங்கும் இம்முறையைத் தொலைபேசியிலும் நிலைக்க விடுவதா?

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் பாவனையாளர் நலன் பேணலைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே கூறுகிறது. 1996 இல் அமைக்கப்பட்ட ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கடமையும் அதுவே. 2024 இல் அச்சட்டம் திருத்தப்பட்டதும் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு விரைவிலேயே உரிமம் கிடைத்தது. கம்பனிக்கு வழிவிட வளைந்த சட்டம், லயன் காம்பராவிலிருக்கும் தொழிலாளிக்காகவும் சிறிது வளையட்டும் என்கிறோம்.

தகராறுக்குள்ளான தொகை விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். நிலுவையைத் தவணையாகச் செலுத்த இடமளிக்க வேண்டும். வெளிச்செல்லும் அழைப்பை நிறுத்தினாலும், உள்வரும் அழைப்பும், பொலிசின் 119, அம்புலன்சின் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய இலக்கங்களும் குறித்த காலத்துக்கு இயங்க வேண்டும். அதுவரை அவ்விலக்கம் பிறருக்கு வழங்கப்படலாகாது. முன்னறிவித்தல் தமிழருக்குத் தமிழில் வரவேண்டும். விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் ஆணைக்குழுவினர் மாத்தளைக் கச்சேரிக்கு வந்து, உக்குவெலையிலும் எல்கடுவையிலும் இருந்து வருவோரின் முறைப்பாடுகளை நேரிற் கேட்கட்டும். இம்மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதற்கு நாள் குறித்துத் தருவார்களா?