வெட்டுவதற்கு முன் லயத்துக்கு வந்து பாருங்கள்

அஸ்வெசும வாங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியலைச் சுருக்க வேண்டும், நிவாரணம் கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்கி விட்டோம் என்ற பேச்சு மீண்டும் கேட்கிறது. விடியற்காலை இருட்டில் றப்பர் மலைக்குப் போய்ப் பால் வெட்டுகிறவரைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்கிறவர், இரத்தினபுரி மழையில் ஒரு நாள் அந்த வாளியைத் தூக்கிப் பார்க்கட்டும்.

சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்தது அஸ்வெசும. 20 இலட்சம் குடும்பங்கள், நான்கு தரம். ஆக வறியவர்களுக்கு 15,000 ரூபா, வறியவர்களுக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, இடைநிலையில் உள்ளவர்களுக்கு 2,500. கடைசித் தரத்துக்கு அந்த வருட முடிவு வரைதான் என்றார்கள், பிறகு நீட்டினார்கள். 2025 ஜனவரியிலிருந்து 15,000 என்பது 17,500 ஆகவும், 8,500 என்பது 10,000 ஆகவும் கூடியது. அதை வரவேற்கிறோம். ஆனால் மேல் இரண்டு தரத்துக்கும் மூன்று வருடம் என்றுதான் ஆரம்பத்தில் அறிவித்தார்கள். அந்தக் கணக்குப்படி தவணை 2026 நடுப்பகுதி வரைதான். அதற்குப் பிறகு யாருடைய பெயர் இருக்கும், யாருடைய பெயர் போகும் என்பதுதான் இப்போது நமக்கு முன்னால் உள்ள கேள்வி.

தெரிவு செய்வதற்கு 22 அளவுகோல்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப விபரம் என்று ஆறு பிரிவுகளில் புள்ளி போடுகிறார்கள். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பிரா. இரண்டு வீட்டிலும் ஒருவர் மலைக்குப் போகிறார், இரண்டு வீட்டிலும் மூன்று பிள்ளைகள், ஒரே கூரைத் தகரம், ஒரே பீலித் தண்ணீர். ஒரு வீட்டுக்கு 8,500 கிடைத்தது, மற்ற வீட்டுக்கு ஒன்றுமில்லை. காரணம் கேட்டால் "கம்பியூட்டர் சொல்கிறது" என்றார்கள். கம்பியூட்டருக்குத் தகவல் கொடுத்தது யார்? கணக்கெடுக்க வந்தவர் சிங்களத்தில் கேட்டார், அக்கா தலையாட்டினார், படிவம் நிரம்பிவிட்டது. அதில் என்ன எழுதப்பட்டது என்று இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் இப்படிப்பட்ட கடிதங்களோடு என்னைத் தேடி வருகிற பெற்றோர் ஒருவர் இருவரல்ல.

செக்ரோலில் பெயர் இருந்தால் மாதச் சம்பளக்காரர் என்று நினைக்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 2025இல் தேயிலையில் நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மழைக் காலத்தில் 12 பேர் விழுந்தால் 16,200. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் 14,904. அதில் கடைக் கடனும் முற்பணமும் கழியும். (சங்கச் சந்தாவும் அதில்தான் போகிறது, மறைப்பதற்கில்லை.) றப்பரில் மழை பெய்தால் வெட்டே இல்லை. அரசாங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்பே 2019இல் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம் என்று சொன்னது. நெருக்கடி வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த வெட்டு புதிதல்ல. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது, பள்ளிப் பிள்ளைகளின் பகல் உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார், விலையையும் பிறகு குறைக்க வேண்டி வந்தது. அப்போது நம்மவர்களிடம் வாக்குரிமை இல்லை, 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு பறிபோயிருந்தது. இன்று வாக்கு இருக்கிறது. 1979இல் அரிசிப் பங்கீட்டை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள். மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும். ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் செக்ரோலில் இருந்ததால் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். கிடைத்தவர்களுக்கும் முத்திரையில் இருந்த தொகை அப்படியே நிற்க, சாமான் விலை ஏறிக்கொண்டே போனது. வெட்டு என்று அறிவிக்காமலே வெட்டுகிற வழி அது. ஆகவே விலைவாசியோடு சேர்ந்து தொகை தானாகக் கூட வேண்டும் என்று கேட்கிறோம். தேர்தலுக்குத் தேர்தல் கெஞ்சி வாங்குகிற காரியமாக இது இருக்கக் கூடாது.

பணக்காரர் வாங்கினால் நிறுத்துங்கள், அதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் மறுபடி கணக்கெடுக்கும்போது தமிழ் தெரிந்த ஒருவர் லயத்துக்கு வர வேண்டும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. பெயரை நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேன்முறையீடு முடியும் வரை காசை நிறுத்தக் கூடாது. இந்தக் கோரிக்கைகளை மலையகத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், சபையில் எழுப்பட்டும்.

சப்ரகமுவவில் நிர்வாக மொழி சிங்களம்தான். ஆனாலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தருகிறது. நிராகரித்த கடிதம் வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துப் போடாமல், அடையாள அட்டைப் பிரதியோடும் கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டுகளோடும் உங்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். வாய்க் கணக்கு வேண்டாம். பிரதேச செயலகத்துக்குத் தனித்தனியாகப் போய் வாசலில் நிற்பதை விட, ஒரு தோட்டத்துக் கடிதங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் போவோம்.