இரண்டாயிரம் ரூபாய்க் குற்றம்

மலேசியாவில் பிடிபட்டு ஒருவன் திருப்பி அனுப்பப்பட்டான் என்ற செய்தி வந்ததும் எங்கள் செவ்வாப்பேட்டைத் தேநீர்க்கடையில் தீர்ப்பு தயாராகிவிடும்: "விசா முடிந்த பிறகும் ஏன் தங்கினான்? சட்டத்தை மீறினால் அனுபவிக்க வேண்டியதுதானே?" படித்தவர்களும் இதையே சற்று நாகரிகமான சொற்களில் சொல்கிறார்கள். சரி, சட்டத்தையே பேசுவோம்.

மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதிக் காலம் கடந்து தங்கியவனுக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அனுமதியே இல்லாமல் நுழைந்தவனுக்கு ஆறு பிரம்படி வரை கிடைக்கும். 10,000 ரிங்கிட் என்பது ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய். அவனை ஏமாற்றி அனுப்பிய உரிமமற்ற தரகனுக்கு நம் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் விதித்த தண்டனை என்ன? இரண்டாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஏமாந்தவனின் குற்றம் ஏமாற்றியவனின் குற்றத்தைவிட நூறு மடங்கு விலை பெறுகிறது.

உரிமம் பெற்ற தரகர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். இந்த வரம்பு எப்படி மதிக்கப்படுகிறது என்பதற்குக் கொச்சி சாட்சி. குவைத் செவிலியர் பணிக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19,50,000 ரூபாய் வாங்கியதாக 2015இல் சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர், குடிபெயர்வோரைக் காக்கவென்றே அரசு நியமித்த அதிகாரி.

அக்கரையிலும் இதே கதைதான். கடவுச்சீட்டுகளில் முறைகேடாக முத்திரை குத்தும் கும்பலோடு தொடர்பு என்று 2020 நவம்பரில் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் குடிநுழைவு அதிகாரிகள் பலரைக் கைது செய்தது. 2024 செப்டம்பரில் கோலாலம்பூர் விமான நிலைய அதிகாரிகள் மீது, முன்னேற்பாட்டின்படி குறிப்பிட்ட முகப்புகள் வழியே அந்நியரை உள்ளே விட்டதாக மறுபடியும் நடவடிக்கை வந்தது. கதவைக் காப்பவர்களில் சிலரே நுழைவை விற்கிறார்கள். உள்ளே வந்தவனைத் தேடிப் பிறகு நள்ளிரவில் சோதனை நடக்கிறது.

முறையாகப் போனவனுக்கும் உத்தரவாதமில்லை. அவனது வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. புதுப்பிக்க வேண்டியவரும் அந்த முதலாளியே. அவர் கைவிட்டால் உழைப்பாளி ஒரே நாளில் 'சட்டவிரோதி' ஆகிறான். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசாவின்றி மலேசியா செல்லலாம் என்றானதும் தரகனின் வேலை இன்னும் எளிதாகிவிட்டது. சுற்றுலாப் பயணியாக ஏற்றிவிட்டு, "அங்கே போனதும் பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால் போதும்.

காக்களூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஆலைகள் இருக்கையில் இவன் ஏன் கடல் கடந்தான் என்று கேட்பவர்கள், அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாகச் சில ஆண்டுகள் நின்று பார்க்கட்டும். வட்டிக் கணக்கு அவர்களுக்கும் புரியும்.

எங்கள் தெருக்காரர் ஒருவர், 2019இல் மலேசியா அறிவித்த பொதுமன்னிப்பில் 700 ரிங்கிட் கட்டி ஊர் திரும்பினார். மனைவியின் நகை மூழ்கியிருந்தது. அவர் வந்த வழியில் எத்தனையோ கேள்விகள்: பெயர், ஊர், தங்கிய நாட்கள். "உன்னை அனுப்பியவன் யார்?" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தரகர் இன்றும் நன்றாகவே இருக்கிறார்.

1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் ஒரு வரைவு மசோதா வெளியிடப்பட்டது. புதிய சட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் நான் அதில் தேடப்போவது ஒன்றைத்தான்: திரும்பி வருகிறவனிடம் விமான நிலையத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்டு, அவன் பதிலைப் புகாராகப் பதிவு செய்யும் கடமை. அது இல்லாதவரை, தேநீர்க்கடைத் தீர்ப்பை வழங்குவோர் சட்டத்தின் பக்கம் நிற்கவில்லை. தரகனின் பக்கமே நிற்கிறார்கள்.