பதின்மூன்று கண் பாலமும் நமது சங்கங்களும்

ஒன்றைப் பயனற்றதென்று ஒதுக்குமுன் அதன் அஸ்திவாரத்தைச் சோதிப்பது அறிவுடையார் செயலாகும். இதற்கு இரண்டு ரயில் பாலங்கள் நமக்குச் சான்றாக நிற்கின்றன.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் மலைவழியில், ஆரியங்காவுக்கு அப்பால் கழுதுருட்டியில், பதின்மூன்று கண்களையுடைய கருங்கற்பாலம் ஒன்று உள்ளது. 1904-ஆம் ஆண்டில் போக்குவரத்துத் தொடங்கிய கொல்லம் இருப்புப்பாதைக்காகக் கட்டப்பட்டது அது. மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. ஏழாண்டுகளுக்கு மேல் பாலம் வெறுமையாய்க் கிடந்தது. ஆயினும் அதை எவரும் இடித்துவிடவில்லை. பழைய கற்கட்டுக்குக் கான்கிரீட்டால் வலுவூட்டினர். 2018-இல் அதன்மீது மீண்டும் ரயில் ஓடிற்று.

பாம்பனின் நிலை வேறு. 1914-இல் திறக்கப்பட்ட பாலம் 1964-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தும், செப்பனிடப்பெற்றுப் பல்லாண்டுகள் உழைத்தது. ஆனால் இரும்பைக் கடலுப்பு விடாது அரித்தது. 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் திறக்கப்பட்டது. கல்லைக் காத்ததும் சரி, இரும்புக்கு ஓய்வளித்ததும் சரி. எதன் வலிமை எவ்வளவு என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்பதுதான் நாம் கொள்ளத்தக்க பாடம்.

சங்கம் ஒன்று சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்தால், "கலைத்துவிடலாம்" என்ற குரலே முதலில் எழுகிறது. கூரத்து அங்கத்தினர்களுக்கு நாம் ஒரு கேள்வி விடுக்கிறோம்: மதகு பழுதாயிற்று என்பதற்காக ஏரியைத் தூர்ப்பார் உண்டோ? 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த கால்வாயையும் கூறுகிறது. அத்தகைய ஊரில் வாழும் நமக்கு, பழுதுபார்த்துப் பேணுவது புதிய பாடமன்று.

ஆகவே, கலைப்புத் தீர்மானத்திற்குக் கையுயர்த்துமுன் கணக்கைக் கேளுங்கள். பங்கு மூலதனம் எவ்வளவு? வரவேண்டிய நிலுவை யார் யாரிடம் உள்ளது? பாவும் ஊடையும் கொடுத்தால் நாளையே ஓடக்கூடிய தறிகள் எத்தனை? சங்கத்தின் பெயரில் மனையும் கிடங்கும் உள்ளனவா? விளைபொருளைச் சங்கத்திற்கே அளிக்க எத்தனை உழவர் இசைவர்?

விடைகள் சாதகமாயின் வலுவூட்டுவோம். உள்ளே அரித்துப்போயிருப்பின் கடன்களை முறையாகத் தீர்த்துப் புதிய சங்கம் காண்போம். எவ்வாறாயினும் அம்முடிவு, கணக்கேட்டைப் பிரித்துப் பார்த்த அங்கத்தினர்களின் முடிவாக இருக்கட்டும். அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு வருவோர் இக்கேள்விகளை எழுதி எடுத்து வருவார்களாக.