கப்பமும் வரியும்

"குழந்தைகளுக்குப் புரியாது" என்று ஒரு மந்திரம் நம்மிடையே உலவுகிறது. இதை உச்சரிப்பவர்கள் எல்லோரும் பெரியவர்கள்தாம். ஒரு குழந்தை சொல்லி நான் கேட்டதில்லை. கதையில் ஒரு சொல் புரியாவிட்டால் குழந்தை அதைத் தாண்டிக் குதித்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும். புரியாத சொல்லைக் கண்டதும் புஸ்தகத்தின்மேல் கோபித்துக்கொள்கிற வழக்கம் வயது வந்தவர்களுக்கே உரியது.

இந்த மந்திரத்தை ஜபித்துக்கொண்டு இப்போது ஒரு திருப்பணி நடக்கிறது. பழைய சரித்திர நாவல்களைச் சிறுவர் பதிப்பாகச் சுருக்குகிறார்கள். சுருக்குவதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டு பக்க வர்ணனை போனால் கதை செத்துவிடாது. ஆனால் சுருக்குகிற கையோடு, 'கடினமான' சொற்களையெல்லாம் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எறிந்துவிட்டு, அந்த இடங்களில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த சொற்களைப் போடுகிறார்கள். இதில்தான் எனக்குச் சண்டை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பதிப்பாளர் இப்படிப்பட்ட அச்சுப்படி ஒன்றை அனுப்பி முன்னுரை கேட்டார். கல்கியின் 'பார்த்திபன் கனவு' அது. தோணித்துறை 'படகு நிற்கும் இடம்' ஆகியிருந்தது. தூதர்கள் 'ஆட்கள்' ஆகியிருந்தார்கள். சதியாலோசனை 'ரகசியத் திட்டம்'. இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். கப்பம் 'வரி'யாகியிருந்த பக்கம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். முன்னுரை எழுதவில்லை. ஏன் என்று தொலைபேசியில் கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

'பார்த்திபன் கனவு' 1941ல் 'கல்கி' பத்திரிகை தொடங்கிய புதிதில் அதில் தொடராக வந்தது. குழந்தைகளுக்கென்று எழுதப்பட்டதல்ல; குடும்பம் முழுவதற்குமாக எழுதப்பட்டது. ஆனால் நம் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதன்முதலாகக் கையில் எடுக்கும் சரித்திர நாவல் பெரும்பாலும் இதுதான். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் கண்டு மிரளுகிற பிள்ளைக்கு, "முதலில் இதைப் படி" என்று கொடுப்பது வழக்கம். என் கைக்கு அது ஒரு வாடகை நூலகத்திலிருந்து, முனை மழுங்கிய பைண்டு வால்யூமாக வந்தது. கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டவன் நான். என் கையிலுள்ள தமிழில் பெரும்பகுதி வகுப்பறையில் கொடுத்ததல்ல, அப்படிப்பட்ட பைண்டு வால்யூம்கள் கொடுத்தது.

இப்போது கப்பத்துக்கு வருவோம். கதை என்ன? உறையூரில் பார்த்திப சோழன் ஒரு சிற்றரசன். காஞ்சியிலே நரசிம்மவர்ம பல்லவர் சக்கரவர்த்தி. பார்த்திபன் கப்பம் கட்டுவதை நிறுத்திவிடுகிறான். பல்லவ தூதர்கள் வருகிறார்கள். கட்ட மறுக்கிறான். தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே சிறு படையோடு போருக்குப் போகிறான். போகுமுன் தன் மகனைச் சித்திர மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, சுதந்திரச் சோழ ராஜ்யத்தைப் பற்றித் தான் கண்ட கனவையெல்லாம் காட்டிவிட்டுப் போகிறான். போர்க்களத்தில் இறக்கிறான். பிறகு வருவதெல்லாம் அந்தக் கனவைத் தோளில் சுமந்த பிள்ளையின் கதை.

இந்தக் கதையின் அச்சாணி எது? கப்பம் என்ற ஒரே ஒரு சொல். வரி என்பது ஒரு குடிமகன் தன் அரசாங்கத்துக்குக் கட்டுவது. கட்டும்போது முணுமுணுப்பான், ஆனால் அதில் அவமானம் கிடையாது. கப்பம் என்பது ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குக் கட்டுவது. "நான் உனக்குக் கீழே" என்று வருஷா வருஷம் பொன்னால் எழுதிக் கொடுக்கும் சாசனம் அது. கப்பம் கட்ட மாட்டேன் என்று ஒருவன் உயிரை விட்டால் அவன் வீரன். வரி கட்ட மாட்டேன் என்று உயிரை விட்டால்? பத்து வயதுப் பிள்ளை நியாயமாகக் கேட்கும்: "பேசாமல் கட்டிவிட்டுப் போயிருக்கலாமே அப்பா?" பார்த்திபனை வெண்ணாற்றங்கரையில் ஒரு முறை கொன்றது போதாதா? அச்சாபீஸிலும் கொல்ல வேண்டுமா?

எளிய சொல்லைப் போட்டோம், பொருள் மாறவில்லை என்று சொல்கிறார்கள். பொருள் மாறிவிட்டது, அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கப்பம் என்ற சொல் செத்துப்போனதும் அல்ல. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் மிரட்டிப் பணம் பறிப்பதைக் 'கப்பம் கேட்டல்' என்றுதான் எழுதுகிறார்கள். உறையூர் ராஜாவிடம் அந்தச் சொல்லைக் கற்ற பிள்ளை, யாழ்ப்பாணத்துச் செய்தியையும் படித்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும். பயந்து கொடுக்கிற பணம் என்ற கசப்பு இரண்டிலும் ஒன்றுதானே?

துறை என்ற சொல்லைப் பாருங்கள். நாவல் தொடங்குவதே காவேரிக் கரைத் தோணித்துறையில்தான். ஓடக்காரப் பொன்னனின் குடிசை அங்கேதான் இருக்கிறது. கரையிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் இடம் துறை. குளிக்கும் துறை உண்டு, துணி வெளுக்கும் துறை உண்டு, ஓடம் கட்டும் துறை உண்டு. இதை ஒரு பிள்ளை பொன்னனோடு அந்தக் கரையில் நின்று தெரிந்துகொண்டுவிட்டால், பிறகு ரயிலில் போகும்போது மயிலாடுதுறை என்ற பலகை வெறும் பலகையாக இராது. திருப்பராய்த்துறை அர்த்தமாகும். கடல் தாண்டிப் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் அர்த்தமாகும். துறைமுகம் அர்த்தமாகும். வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை என்று அரசாங்கம் போட்டிருக்கும் பெயர்ப்பலகையில்கூட ஓர் ஆற்றங்கரை தெரியும். ஒரு சொல்லைக் கொடுத்தால் பத்துச் சொற்கள் கூடவே வருகின்றன. 'படகு நிற்கும் இடம்' என்பதிலிருந்து என்ன வரும்? கல்கி பிறந்த புத்தமங்கலம் அதே மயிலாடுதுறைக்கு அருகில்தான் இருக்கிறது. அவர் கதையிலிருந்தே துறையைத் தூர்த்துவிட்டார்கள்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. "ஐயா, இன்றைய பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. வரிக்கு ஒரு புரியாத சொல் வந்தால் புஸ்தகத்தை வீசிவிடும்" என்கிறார்கள். வாஸ்தவம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் எளிய புஸ்தகமே கொடுங்கள். அழ. வள்ளியப்பா சிறு பிள்ளைகளுக்கென்றே சின்னச் சொற்களில் பாட்டு எழுதினார். அமெரிக்காவில் டாக்டர் சூஸ் என்பவர் 1957ல் வெறும் 236 சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு தொப்பி போட்ட பூனையின் கதை ஒன்றை எழுதினார். உலகம் முழுவதும் குழந்தைகள் அதைப் படித்தார்கள். இவையெல்லாம் சின்ன வீடாகவே திட்டமிட்டுக் கட்டியவை. பெரிய வீட்டின் தூண்களை அறுத்துச் சின்ன வீடு என்று சொல்வதும் இதுவும் ஒன்றாகுமா? எளிமையாக எழுதத் தெரிந்தவர் புதிதாக எழுதட்டும். கல்கியே எளிய நடைக்குப் பெயர் போனவர்தாம். அவரையும் எளிமைப்படுத்தப் புறப்பட்டால் அதற்கு எங்கேதான் முடிவு?

"கதை படித்தால் சொல் வந்துவிடுமா? அகராதி வேண்டாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1987ல் அமெரிக்காவில் வில்லியம் நாகியும் அவருடைய சகாக்களும் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, கதைப் போக்கில் ஒரே ஒரு முறை எதிர்ப்படும் புதிய சொல் மனத்தில் தங்குவதற்குச் சுமார் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பே இருந்தது. இவ்வளவுதானா என்று சிரிக்க வேண்டாம். நாவலில் கப்பம் ஒரு முறையா வருகிறது? தூதன் வாயில் வருகிறது, ராஜா வாயில் வருகிறது, ஓடக்காரன் வாயில் வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. நம் தாய்மொழியையே நாம் அப்படித்தானே கற்றோம்? 'பொறாமை' என்ற சொல்லுக்கு யாருடைய பாட்டியாவது அகராதி புரட்டிக் காட்டினாளா?

1989ல் நியூசிலாந்தில் வார்விக் எல்லி என்பவர் செய்த சோதனை இன்னும் சுவையானது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் கதையை உரக்கப் படித்துக் காட்டினார்கள். சும்மா படித்தபோதே புதிய சொற்களில் பிள்ளைகளுடைய தேர்ச்சி சுமார் 15 சதவிகிதம் உயர்ந்தது. படிக்கிற போக்கில் சொல்லுக்கு ஒரு சிறு விளக்கம் சேர்த்துச் சொன்னபோது 40 சதவிகிதம் உயர்ந்தது. ஆக, பிள்ளைக்கு வேண்டியது சொல்லை வெட்டுகிற பதிப்பாசிரியர் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, "கப்பம்னா, தோத்த ராஜா ஜெயிச்ச ராஜாவுக்குக் கட்டற பணம்டா" என்று சொல்லிவிட்டு மேலே படிக்கிற ஓர் ஆள். அம்மாவோ, அப்பாவோ, தாத்தாவோ. புஸ்தகத்தின் கடைசியில் அருஞ்சொற்பொருள் பட்டியல் போட்டுவிட்டால் அந்த ஆள் வேலை முடிந்துவிட்டதென்று நினைக்கக்கூடாது. பட்டியலைக் கண்டதும் பிள்ளைக்குப் பரீட்சை ஞாபகம்தான் வரும்.

இங்கிலாந்தில் ரோஸ்மேரி சட்கிளிஃப் என்ற அம்மையார் சிறுவர்களுக்கென்றே சரித்திர நாவல்கள் எழுதினார். 1954ல் வந்த 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' என்ற நாவலில் ரோமானியப் படையின் பிரிவுகளும் பதவிகளும் ஆயுதங்களும் அவற்றின் லத்தீன் பெயர்களோடேயே வருகின்றன. பிள்ளைகள் ஓடிப் போய்விடவில்லை. அந்த அம்மையாரின் கதையும் தெரிந்துகொள்ளத் தக்கது. குழந்தையிலேயே மூட்டுகளை முடக்கிய நோய். ஒன்பது வயது வரையில் அவருக்குப் படிக்கத் தெரியாது. அதுவரை தாயார் பெரிய பெரிய புஸ்தகங்களை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாத பிள்ளைக்கு இது புரியாது என்று அந்தத் தாய் புஸ்தகத்தை மூடி வைத்திருந்தால், நமக்கு ஒரு சட்கிளிஃப் கிடைத்திருக்க மாட்டார்.

கடைசியாக, என் வாசகர்களில் பெற்றோராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஹாரி பாட்டர் படிக்கிறது. அதில் வரும் மந்திரங்களும் விளையாட்டுகளும் பிராணிகளும் ஆசிரியை தானே கட்டிய பெயர்களால் நிறைந்தவை. எந்தப் பழைய அகராதியிலும் அகப்படா. "கஷ்டமான வார்த்தையாயிற்றே" என்று நீங்கள் ஒரு நாளாவது கவலைப்பட்டதுண்டா? பிள்ளை அதை உச்சரிக்கும்போது பக்கத்து வீட்டாரும் கேட்கட்டும் என்றுதானே இருக்கிறீர்கள்? தமிழில் ஒரு 'கப்பம்' வந்தால் மட்டும் ஏன் உங்களுக்கு இரக்கம் பொங்குகிறது? அது இரக்கமல்ல, தமிழுக்காகப் பிள்ளை மெனக்கெட வேண்டியதில்லை என்ற தீர்மானம். அதைப் பிள்ளை எடுக்கவில்லை; அதன் பேரில் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

கல்கியின் எழுத்துக்கள் இன்று நாட்டுடைமை. யாரும் அச்சிடலாம், மலிவு விலையில் கிடைக்கின்றன, நல்ல காரியம். ஆனால் நாட்டுடைமை என்றால் நாட்டுக்குச் சொந்தம் என்றுதான் பொருள்; கத்தரி வைத்திருப்பவருக்குச் சொந்தம் என்றல்ல. இன்றைக்குப் பத்து வயதாகிற பிள்ளையும் அந்த நாட்டில் ஒரு பங்காளி. அவன் பங்கைக் குறைத்துக் கொடுக்க நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. முழு 'பார்த்திபன் கன'வை வாங்குங்கள். இன்று ராத்திரி முதல் அத்தியாயத்தை நீங்களே உரக்கப் படியுங்கள். தோணித்துறை என்றால் என்ன என்று அவன் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மேலே படியுங்கள்.